வாரம் ஒரு நீல மாத்திரை: வளரிளம் பெண்களின் இரத்தசோகைக்கு இது வழியா?

வகுப்பாசிரியை:
ஒன்பதாம் வகுப்பு மாணவிகளுக்கு வாரந்தோறும் இரும்புச்சத்து மாத்திரை வழங்கும் பொறுப்பு என்னுடையது. பலர் அதை நாக்கின் அடியில் ஒதுக்கிவைத்திருந்து, கை கழுவப் போகும்போது துப்பிவிடுகிறார்கள். 15 முதல் 19 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் இரத்தசோகை உள்ளவர்கள் 2015-16ஆம் ஆண்டின் தேசியக் குடும்பநல ஆய்வில் 54 விழுக்காடு. 2019-21ஆம் ஆண்டின் ஆய்விலோ 59 விழுக்காடு. இத்தனை ஆண்டுகள் மாத்திரை கொடுத்தும் எண்ணிக்கை ஏறியிருக்கிறது என்றால், பள்ளியில் மாத்திரை வழங்குவதை நிறுத்திவிட்டு அந்தப் பணத்தையும் உழைப்பையும் பிள்ளைகளின் உணவில் செலவிடுவதே முறை என்று கருதுகிறேன்.

சமூக மருத்துவர்:
ஆசிரியை அவர்களின் கவலை நியாயமானது. முடிவோடு எனக்கு உடன்பாடில்லை. அந்த இரண்டு ஆய்வுகளும் விரல் நுனியில் குத்தி எடுத்த துளி இரத்தத்தை வைத்துக் கணக்கிட்டவை. 2016-18இல் நடந்த தேசிய ஊட்டச்சத்து ஆய்வு இரத்த நாளத்திலிருந்து இரத்தம் எடுத்துச் சோதித்தபோது, 10 முதல் 19 வயதுப் பெண்களில் 40 விழுக்காட்டினருக்கும் பையன்களில் 18 விழுக்காட்டினருக்கும் இரத்தசோகை இருந்தது. வயது வரம்பு வேறு என்றாலும், அளக்கும் முறையே எண்ணை மாற்றக்கூடும் என்பதால், அந்த ஏற்றத்தை மட்டும் வைத்து மாத்திரை தோற்றுவிட்டது என்று தீர்ப்புச் சொல்ல முடியாது.

உடல் வேகமாக வளரும் அதே ஆண்டுகளில் மாதவிடாயும் தொடங்கிவிடுவதால், ஒரு பெண்ணுக்கு இரும்பின் தேவை இரண்டு பக்கமும் கூடுகிறது. கீரையிலும் தானியத்திலும் உள்ள இரும்பில் சிறு பங்கைத்தான் குடல் உறிஞ்சும். சாப்பாட்டோடு தேநீர் குடித்தால் அதுவும் குறையும். வாரம் ஒருமுறை என்பதற்கும் காரணம் உண்டு: குடலின் உட்சுவர்ச் செல்கள் ஐந்தாறு நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுவதால், இடைவெளி விட்டுக் கொடுக்கும் இரும்பு நன்றாகச் சேரும், வயிற்றுத் தொல்லையும் குறையும் என்ற அடிப்படையில், இரத்தசோகை 20 விழுக்காட்டைத் தாண்டும் இடங்களில் உலக சுகாதார நிறுவனம் இம்முறையைப் பரிந்துரைத்தது. துப்பிவிட்ட மாத்திரை பலன் தரவில்லை என்று மாத்திரையைக் குறை கூறலாமா?

வகுப்பாசிரியை:
ஐயா, நீங்கள் மேற்கோள் காட்டும் அதே ஆய்வைத்தான் நானும் படித்தேன். வளரிளம் பருவத்தினரில் இரும்புக் குறைபாடு 22 விழுக்காடு. வைட்டமின் பி12 குறைபாடோ 31 விழுக்காடு. நீல மாத்திரையில் இருப்பது இரும்பும் ஃபோலிக் அமிலமும் மட்டுமே. பி12 குறைவால் இரத்தம் குறைந்த பிள்ளைக்கு அது எவ்வாறு உதவும்? பி12 பாலிலும் முட்டையிலும் மீனிலும் இருக்கிறது. நான் உணவு என்று சொன்னது கீரையை மட்டும் அன்று.

பதினொன்றாம் வகுப்பு மாணவியின் தாய்:
இருவரும் பொறுத்துக்கொள்ள வேண்டும், என் மகளின் நிலையைச் சொல்ல விரும்புகிறேன். பேருந்தைப் பிடிக்க ஏழு மணிக்கே வெறும் தேநீரோடு கிளம்பிவிடுகிறாள். நம் மாநிலத்தில் சத்துணவும் அதோடு கிடைக்கும் முட்டையும் பத்தாம் வகுப்போடு நின்றுவிடுகின்றன. பதினாறு வயதில் பசி நின்றுவிடுமா? பள்ளியில் கொடுத்த மாத்திரையை அவள் ஒழுங்காகத்தான் விழுங்கினாள். மலம் கறுப்பாகப் போனதைக் கண்டு பயந்து நான்தான் நிறுத்தச் சொன்னேன். இரும்பு உட்கொண்டால் அப்படித்தான் போகும் என்று அப்போது யாரும் எனக்குச் சொல்லவில்லை. மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது என்று அவள் சொன்ன பிறகுதான் இரத்தம் சோதித்தோம். இரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தரும் ஹீமோகுளோபினின் அளவு 100 மில்லி லிட்டருக்கு 8 கிராம். இப்போது மருத்துவர் சொன்னபடி நாள்தோறும் மாத்திரை எடுத்து வருகிறாள்.

சமூக மருத்துவர்:
அம்மா, 12 கிராமுக்குக் கீழே போனாலே இரத்தசோகை என்று கணக்கிடும் வயதில் 8 என்பது பெரிய குறைவு. வாரம் ஒரு மாத்திரை தடுப்புக்கு உரியது, அந்த அளவு குறைந்தவருக்கு நாள்தோறும் சிகிச்சை வேண்டும் என்ற வேறுபாட்டைப் பெற்றோருக்குச் சொல்லாமல் விட்டது எங்கள் துறையினரின் குறைதான். முட்டையைப் பன்னிரண்டாம் வகுப்பு வரை நீட்டிக்க வேண்டும் என்பதிலும் எனக்கு மறுப்பில்லை. அது வரும்வரை மாத்திரையையும் நிறுத்திவிட்டால், இடைப்பட்ட ஆண்டுகளில் படிப்பை முடித்துப் போகும் பெண்களுக்கு என்ன மிஞ்சும்? அவர்களில் பலர் சில ஆண்டுகளிலேயே கருவுறுவார்கள். அப்போது இரத்தக் குறைவு இரண்டு உயிர்களின் ஆபத்தாகிவிடும்.

வகுப்பாசிரியை:
நிறுத்த வேண்டும் என்று சொன்னதை, அந்தத் தாயின் பதிவுக்குப் பிறகு, திருத்திக்கொள்கிறேன். ஆயினும் இன்று நடக்கும் முறையிலேயே தொடர்வதை ஏற்க மாட்டேன். 2023 மார்ச்சில் உதகையில் மாணவிகள் போட்டி போட்டு இந்த மாத்திரைகளை அளவுக்கு மீறி விழுங்கியதில் 13 வயதுச் சிறுமி ஒருத்தி உயிரிழந்தாள். அந்தச் செய்தியைப் படித்த நாள் முதல், மாத்திரைப் பெட்டியின் சாவியை நான் கைவிட்டதில்லை. எண்ணிக் கொடுத்து, கண்ணெதிரே விழுங்க வைத்து, மீதியைப் பூட்டிவைக்க ஆள் வேண்டும். யாருக்கு எவ்வளவு இரத்தம் இருக்கிறது என்பதே தெரியாமல் நாற்பது பேருக்கும் ஒன்றையே நீட்டுவது எனக்கு உறுத்துகிறது.

சமூக மருத்துவர்:
ஆண்டுக்கு ஒருமுறை பள்ளிக்கு வரும் சிறார் நல மருத்துவக் குழுவிடம் வகுப்பு முழுவதற்கும் ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்லி, தலைமையாசிரியர் வழியாக எழுத்தில் கேளுங்கள். 8, 9 என்று வரும் பிள்ளைகளைத் தனியே பிரித்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பலாம்.

வகுப்பாசிரியை:
கடிதத்தைத் திங்களன்று தருகிறேன். பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளையும் அதில் சேர்க்கிறேன். முட்டை பற்றிய கோரிக்கையைப் பெற்றோர் எழுதினால் வலு கூடும். அம்மா, நீங்கள் முதல் கையெழுத்து இடுவீர்களா?