யாக்கோபுக்குக் கானான், யோசேப்புக்கு எகிப்தில் ஒரு பெட்டி: ஏன் இந்த வேறுபாடு?

கேள்வி (யாங்கோன் வாசகர்)

அனைவருக்கும் வணக்கம். யூதர்கள் தோராவை (ஆதியாகமம் முதலான மோசேயின் ஐந்து நூல்களை) வாரம் ஒரு பகுதியாகப் பிரித்து ஓராண்டில் படித்து முடிக்கிறார்கள். நம் ஊர் 26ஆம் தெருவிலுள்ள முஸ்மெயா யெஷுவா ஜெப ஆலயத்துக்கும் அந்த வரிசைதான். அவ்வரிசையில் ஆதியாகமத்தின் கடைசிப் பகுதியான 'வாயெஹி'யை இப்போது வாசித்துக்கொண்டிருக்கிறேன்.

யாக்கோபு எகிப்தில் 17 ஆண்டுகள் குறையின்றி வாழ்கிறார். 147ஆம் வயதில் இறக்கும் காலம் நெருங்கியதும், அங்கே உயர்ந்த பதவியிலிருந்த மகன் யோசேப்பை அழைத்து, தம்மை எகிப்தில் அடக்கம் செய்யக் கூடாது என்று சத்தியம் வாங்குகிறார். அவர் இறந்ததும் இரதங்களும் குதிரைவீரரும் உடன்வர, கானானில் முன்னோர் அடக்கம் செய்யப்பட்ட மக்பேலா குகைக்கு உடல் கொண்டுபோகப்படுகிறது. ஆனால் இதே பகுதியின் கடைசி வசனத்தில், 110 வயதில் இறந்த யோசேப்பு சுகந்தவர்க்கமிடப்பட்டு எகிப்திலேயே ஒரு பெட்டியில் வைக்கப்படுகிறார். தகப்பனுக்காக அவ்வளவு பெரிய ஊர்வலத்தை நடத்தியவர், தமக்கென்று வந்தபோது "கடவுள் உங்களைச் சந்திக்கும் காலத்தில் என் எலும்புகளைக் கொண்டுபோங்கள்" என்று மட்டும் ஆணை வாங்கி நிறுத்திக்கொண்டது ஏன்? அவ்வளவு பாசமுள்ள மகனிடம் யாக்கோபு சத்தியம் வாங்க வேண்டிய தேவைதான் என்ன? யூத உரையாசிரியர்கள் இவற்றுக்கு என்ன விடை தருகிறார்கள்?

அஸ்தியையாவது இராமேஸ்வரத்தில் கரைத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போன பெரியவர்களும், பிள்ளைகள் இருக்கும் மண்ணிலேயே தங்களை வையுங்கள் என்று சொன்ன பெரியவர்களும் நம் பர்மாத் தமிழ்க் குடும்பங்களில் இருந்திருக்கிறார்கள். ஆகவே இதை வெறும் பழங்கதையாக எண்ணி என்னால் கடந்துபோக முடியவில்லை.

மறுமொழி 1 (மோல்மேன் ஆசிரியர்)

இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஐயா. முதல் கேள்விக்கான விடையும் அதற்குள்தான் இருக்கிறது.

யாக்கோபு மகனைச் சந்தேகித்து சத்தியம் வாங்கவில்லை என்கிறார் 13ஆம் நூற்றாண்டு உரையாசிரியரான நாக்மனிடீஸ். யோசேப்பு எவ்வளவு உயர்ந்த பதவியில் இருந்தாலும் பார்வோனின் ஊழியர். பார்வோன் மறுத்தால், தகப்பனுக்குச் சத்தியம் செய்திருக்கிறேன் என்று சொல்ல அவருக்கு ஒரு பிடி வேண்டும். அதுவே நடக்கிறது. உன் தகப்பன் ஆணையிட்டபடியே போய் அடக்கம் செய் என்று பார்வோன் சொல்வதற்கு, ஆணை மட்டும் இல்லாவிட்டால் உன்னை விட்டிருக்கவே மாட்டேன் என்பதே பொருள் என்று 11ஆம் நூற்றாண்டு உரையாசிரியரான ராஷி எழுதுகிறார். இதற்கு, பழைய யூத அறிஞர்களின் விவாதத் தொகுப்பான தல்மூத் ஒரு பின்கதையும் சொல்கிறது. எழுபது மொழி அறிந்த பார்வோனுக்கு எபிரேயம் மட்டும் வரவில்லை. அதை வெளியில் சொல்லக் கூடாது என்று யோசேப்பிடம் அவன் சத்தியம் வாங்கியிருந்தான். தகப்பனுக்குச் செய்த சத்தியத்தை மீறச் சொன்னால் உமக்குச் செய்த சத்தியத்தையும் மீற வேண்டிவரும் என்று யோசேப்பு சொன்னதும் அவன் வாயடைத்துப்போய் அனுமதி கொடுத்தானாம்.

இனி முதல் கேள்வி. யோசேப்பு ஏன் தம் பிள்ளைகளிடம் சத்தியம் வாங்கி, உடனே தம்மைக் கானானுக்குக் கொண்டுபோகச் சொல்லவில்லை என்று ராஷியே யாத்திராகமத்தின் 13ஆம் அதிகாரத்தில் கேட்கிறார். தகப்பன் சொன்னதைச் செய்து முடிக்கும் அதிகாரம் என்னிடம் இருந்தது, என் பிள்ளைகளை எகிப்தியர் விடமாட்டார்கள் என்று யோசேப்பு நினைத்ததாக அவர் விடை தருகிறார். மித்ராஷ் எனப்படும் பழைய வேத விளக்க நூல்களின் கருத்து இது. நெருக்கடியின் சாயல் யாக்கோபின் ஊர்வலத்திலேயே தெரிகிறது என்பது என் எண்ணம். பெரியவர்கள் எல்லோரும் போகிறார்கள். குழந்தைகளும் ஆடுமாடுகளும் மட்டும் எகிப்தில் அவர்கள் குடியிருந்த கோசேனிலேயே விடப்படுகின்றன என்று 50ஆம் அதிகாரம் சொல்கிறது. போனவர்கள் திரும்பி வருவார்கள் என்பதற்கு அதைவிட உறுதியான பிணை வேறென்ன வேண்டும்?

எகிப்து ஏன் கூடாது என்பதற்கு ராஷி தரும் மூன்று காரணங்களில் எகிப்தியர் தம்மைத் தெய்வமாக்கி வழிபட்டுவிடுவார்கள் என்ற யாக்கோபின் அச்சம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. தகப்பன் இறந்தபோது அந்த நாடே 70 நாள் அழுதது என்றால் அந்த அச்சம் வீணல்ல.

மறுமொழி 2 (பைகோ வாசகி)

ஆசிரியர் ஐயா சொன்னதை ஏற்கிறேன். ஆனால் யோசேப்பால் முடியவில்லை என்பதோடு இதை முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை.

தோராச் சுருளில் ஒரு பகுதிக்கும் அடுத்ததற்கும் இடையில் கண்ணுக்குத் தெரியும் இடைவெளி விடுவது வழக்கம். 'வாயெஹி'க்கு முன் அந்த இடைவெளி இல்லை. முந்தின வரியோடு ஒட்டியே எழுதப்பட்டிருக்கும். யாக்கோபு இறந்ததும் எகிப்தில் நேர்ந்த அடிமைத்தனத்தின் துயரத்தால், அவர் வம்சமான இஸ்ரவேலின் கண்களும் இதயமும் அடைபட்டுப் போயின, அதனால்தான் இந்தப் பகுதி அடைபட்டிருக்கிறது என்பது ராஷியின் விளக்கம். அடைபட்ட காலத்துக்குள் போகப்போகும் மக்களிடம், நாங்கள் என்றாவது வெளியேறுவோம் என்பதற்கு எது சாட்சியாக மிஞ்சும்? அடக்கம் செய்து முடிக்கப்படாத அந்தப் பெட்டிதான். யோசேப்பு தம் மக்களோடு தங்கிவிட்டார் என்றே நான் வாசிக்கிறேன்.

தல்மூத் இதை விட்டுவிடவில்லை. விடுதலை நாளில் எல்லோரும் எகிப்தியரின் வெள்ளியையும் பொன்னையும் சேர்க்கும்போது, மோசே மட்டும் யோசேப்பின் உடலைத் தேடி அலைகிறார். அந்தப் பழைய தலைமுறையில் எஞ்சியிருந்த, யோசேப்பின் சகோதரர் ஆசேரின் மகள் செராஹ் என்ற மூதாட்டி, எகிப்தியர் உலோகப் பெட்டி செய்து நைல் நதியில் இறக்கிய இடத்தைக் காட்டுகிறாள். மோசே கரையில் நின்று யோசேப்பின் பெயரைச் சொல்லி அழைக்க, பெட்டி மிதந்து மேலே வருகிறது. பிறகு வனாந்தரப் பயணம் முழுவதும் இறந்தவரின் பெட்டியும் பத்துக் கட்டளைகளின் பலகைகள் இருந்த பெட்டியும் அருகருகே போகின்றன. இதில் எழுதியிருப்பதை இவர் நிறைவேற்றினார் என்று வழிப்போக்கருக்குச் சொல்லப்பட்டதாம். கடைசியில் சீகேமில் அடக்கம். இளவயதில் யோசேப்பைச் சகோதரர்கள் விற்றதை நினைத்து, சீகேமிலிருந்து திருடிக்கொண்டு போனார்கள், சீகேமுக்கே திருப்பிக் கொடுத்தார்கள் என்கிறது தல்மூத்.

யாங்கோன் வாசகர்

இருவருக்கும் மிக்க நன்றி. அக்கா சொன்ன செராஹ்வின் செய்தி எனக்கு முற்றிலும் புதிது. இன்னும் ஒன்று: அடக்கத்தைத் தவிர, யாக்கோபின் அந்தக் கடைசி நாட்களையே உரையாசிரியர்கள் எப்படிப் பார்க்கிறார்கள்?

மறுமொழி 3 (மோல்மேன் ஆசிரியர்)

கேட்டுப் பெற்ற நாட்களாகப் பார்க்கிறார்கள், ஐயா. யாக்கோபுக்கு முன் நோய் என்பதே உலகில் இல்லை, அவர் வேண்டிக்கொண்டதால்தான் வந்தது என்று தல்மூத் சொல்கிறது. மரணம் சொல்லாமல் வந்தால் பிள்ளைகளிடம் பேசிவைக்க நேரம் இருக்காது. இரண்டு மூன்று நாள் படுத்திருந்தால் பிள்ளைகள் வந்து கூடுவார்கள், சொல்ல வேண்டியதைச் சொல்லலாம் என்பது அவருடைய வேண்டுதல் என்று மித்ராஷ் விரிக்கிறது.

அந்தப் படுக்கையில் அவர் முதலில் ஆசீர்வதிப்பது எகிப்திலேயே பிறந்த பேரன்மாரான எப்பிராயீமையும் மனாசேயையும்தான். இன்றும் வெள்ளிக்கிழமை மாலைகளில் யூதப் பெற்றோர் மகனின் தலையில் கைவைத்து, கடவுள் உன்னை எப்பிராயீமைப் போலவும் மனாசேயைப் போலவும் ஆக்குவாராக என்று ஆசி கூறுகிறார்கள். யாக்கோபின் சொந்த மகன்கள் 12 பேரையும் விட்டுவிட்டு அந்நிய மண்ணில் பிறந்த இருவரைத் தேர்ந்த ஆசி அது. இந்த மண்ணில் பிறந்து வளரும் பிள்ளைகளை உடைய நாம் அதைக் கவனித்து வாசிக்க வேண்டும்.

அவர் சொல்லாமல் விட்டதும் உண்டு. தகப்பன் போனபின், முன்பு யோசேப்பை விற்றுவிட்ட சகோதரர்கள் பயந்து, எங்களை மன்னிக்கும்படி தகப்பனார் சாகுமுன் கட்டளையிட்டார் என்று யோசேப்புக்குச் செய்தி அனுப்புகிறார்கள். யாக்கோபு அப்படிக் கட்டளையிடவில்லை, அமைதிக்காக அவர்கள் மாற்றிச் சொன்னார்கள் என்கிறார் ராஷி. அமைதியின் பொருட்டு அப்படிச் சொல்லலாம் என்பதற்குத் தல்மூத் இதையே சான்றாகக் காட்டுகிறது. அதைக் கேட்ட யோசேப்பு அழுதார்.

தோராப் பகுதியோடு சேர்த்து வாசிக்கும் இந்த வாரத்துக்குரிய தீர்க்கதரிசிப் பகுதியாக 1 இராஜாக்கள் 2ஆம் அதிகாரத்தின் தொடக்கம் வாசிக்கப்படுகிறது. அங்கே தாவீது மரணப் படுக்கையில் தம் படைத்தலைவன் யோவாபையும், முன்பு தம்மைச் சபித்த சீமேயியையும் தண்டிக்கும்படி மகன் சாலொமோனிடம் சொல்லிவிட்டுப் போகிறார். இரண்டையும் சேர்த்து ஒரே அமர்வில் வாசித்துப் பாருங்கள், ஐயா. சீமேயியைப் பற்றி உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்பதை இங்கே எழுதினால் தொடர்ந்து பேசலாம்.