பிக்கப் வண்டியில் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலை நிரந்தரமாக நிறுத்திவிடலாமா?

போச்சம்பள்ளி தோப்புக்காரர்:
எங்கள் தோப்புக்கும் தார்ச் சாலைக்கும் நடுவே ஒரு மணல் ஓடை இருக்கிறது. பெங்களூரா மாங்காய் கிரேட்டுகளை ஏற்றிக்கொண்டு, நான்கு சக்கரங்களுக்கும் விசை தரும் 4எச் போட்டு, அந்த மணலைக் கடந்து கரையேறும்போது ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்தாலும் இன்ஜின் எழும்பாமல் வண்டி நின்றுவிடுகிறது. சறுக்கும் கார் படம் போட்ட மஞ்சள் விளக்கு மட்டும் மீட்டரில் சிமிட்டிக்கொண்டே இருக்கிறது. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸின் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டால் இந்தத் தொல்லையே இராது என்கிறார் எங்கள் ஊர் மெக்கானிக். அப்படிச் செய்யலாமா?

அஞ்செட்டி காட்டுவழி:
தாராளமாகச் செய்யலாம். மணலில் வண்டி நகர வேண்டுமானால் சக்கரம் ஓரளவு சுழன்று மணலைப் பின்னே தள்ளியாக வேண்டும். டிராக்‌ஷன் கன்ட்ரோலோ சக்கரம் வீணாகச் சுழல்கிறது என்று எடுத்துக்கொண்டு, அந்தச் சக்கரத்தில் பிரேக் பிடித்து, இன்ஜின் விசையையும் குறைத்துவிடுகிறது. மேட்டில் ஓட்டம் செத்துவிட்டால் பிறகு டிராக்டரைத்தான் கூப்பிட வேண்டும். ஏபிஎஸ்ஸும் சரளை இறக்கத்தில் பெரிதாக உதவுவதில்லை. பூட்டிக்கொண்ட சக்கரம் தன் முன்னே கல்லைக் குவித்து வண்டியை நிறுத்தும், ஏபிஎஸ் விட்டு விட்டுப் பிடிப்பதால் அந்தக் குவியல் சேராமல் நிற்கும் தூரம் கூடுகிறது. இவை எதுவும் இல்லாத ஜீப்புகளில்தான் தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் காட்டுப் பாதைகளில் இத்தனை காலம் ஓட்டினோம்.

தொப்பூர் இறக்கம்:
மணலைப் பற்றி நண்பர் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஃபியூஸைப் பற்றிச் சொன்னதைத்தான் ஏற்க முடியவில்லை. ஏபிஎஸ், முன்பின் சக்கரங்களுக்குப் பிரேக் விசையைப் பங்கிடும் ஈபிடி, டிராக்‌ஷன் கன்ட்ரோல், ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் ஆகிய நான்கும் ஒரே ஹைட்ராலிக் பெட்டியையும் ஒரே சக்கர சென்சார்களையும் நம்பி இயங்குபவை. ஒன்றைப் பிடுங்கப்போய் நான்கையும் இழப்பீர்கள். மாங்கூழ்த் தொழிற்சாலையில் காயை இறக்கிவிட்டுக் காலி வண்டியாகத் திரும்பும்போது பின்பக்கத்தில் பாரமே இராது. பாரத்துக்கென்று விறைப்பாகச் செய்த லீஃப் ஸ்பிரிங்கின் மேல் பின்சக்கரங்கள் துள்ளிக்கொண்டு வரும். முதல் தூறல் விழுந்த தார்ச் சாலையில் அந்த நிலையில் அழுத்திப் பிரேக் பிடித்தால் பின்சக்கரங்கள் முதலில் பூட்டிக்கொண்டு, வண்டியின் வால் முன்னே வந்துவிடும்.

ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் செய்வது வேறு வேலை. ஸ்டியரிங் எவ்வளவு திரும்பியிருக்கிறது, வண்டி உண்மையில் எவ்வளவு திரும்புகிறது என்பதை ஒப்பிட்டு, பின்பக்கம் வெளியே வீசினால் வெளிப்புற முன்சக்கரத்தில் மட்டும் பிரேக் பிடித்து நேராக்குகிறது. நம் காலடியில் இருப்பதோ ஒரே மிதி. எவ்வளவு தேர்ந்த டிரைவராலும் ஒற்றைச் சக்கரத்தைத் தனியே பிடிக்க முடியாது. 1997-ல் ஸ்வீடனில் ஒரு பத்திரிகை நடத்திய சோதனையில் மெர்சிடிஸ் ஏ கிளாஸ் கவிழ்ந்த பிறகு, அந்த நிறுவனம் அந்தக் காருக்கு இதைக் கட்டாய உறுப்பாக்கியது. பிக்கப் அதைவிட உயரமான வண்டி.

அஞ்செட்டி காட்டுவழி:
எங்கள் பாதையில் 30 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டவே வழியில்லை. அந்த வேகத்தில் எது கவிழும்?

தொப்பூர் இறக்கம்:
உங்கள் பாதையைப் பற்றியா இங்கே கேள்வி? கேட்டவர் ஓடையைத் தாண்டினால் கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையில் ஏற வேண்டியவர். மழை நாளில் சேலம் நோக்கி இறங்கும் வண்டிகளைத் தொப்பூர் இரட்டைப் பாலத்தருகே நின்று பார்த்தவர் யாரும் காலி பிக்கப்பில் இதைப் பிடுங்கச் சொல்ல மாட்டார்.

காவேரிப்பட்டணம் ஹைலக்ஸ்:
இருவரும் பட்டனை மறந்துவிட்டீர்கள். என்னிடம் இருப்பது ஹைலக்ஸ். டொயோட்டா கையேடுகளின்படி விஎஸ்சி (ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல்) ஆஃப் பட்டனை ஒருமுறை அழுத்தினால் டிராக்‌ஷன் கன்ட்ரோல் மட்டும் அணையும். வேகம் கூடியதும் அது தானே திரும்ப வந்துவிடும். வண்டி நிற்கும்போது 3 வினாடிக்கு மேல் அழுத்திப் பிடித்தால் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலும் சேர்ந்து அணையும்; இது வேகம் கூடினாலும் வராது, நாமே பட்டனை அழுத்த வேண்டும் அல்லது இன்ஜினை நிறுத்தி எடுக்க வேண்டும். ஓடைக்கு முதல் வகையே பெரும்பாலும் போதும். உங்கள் வண்டி வேறு நிறுவனத்தினுடையது என்றால் அதன் கையேட்டைப் பாருங்கள். அதற்கும் முன்னால் டயர் காற்றை 20 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்கிப் பாருங்கள். பாதிச் சிக்கல் அங்கேயே தீரும். பாரத்தோடு அந்தக் காற்றில் மெதுவாகத்தான் ஓட்ட வேண்டும், தார்ச் சாலை வந்ததும் நிரப்பிவிட வேண்டும்.

இன்னொன்று: ஒரு சக்கரம் பள்ளத்தில் தொங்கும் இடத்தில் டிராக்‌ஷன் கன்ட்ரோலை அணைக்காதீர்கள். இருபக்கச் சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டிச் சுழற்றும் டிஃப் லாக் இல்லாத வண்டியில், தொங்கும் சக்கரத்தில் பிரேக் பிடித்து மண்ணில் ஊன்றிய சக்கரத்துக்கு விசையை அனுப்புவது இந்த அமைப்புதான்.

போச்சம்பள்ளி தோப்புக்காரர்:
என் வண்டியிலும் பட்டன் இருக்கிறது. ஆனால் சீசனில் ஓட்டுவது கூலிக்கு வரும் டிரைவர். அணைத்துவிட்டு அப்படியே நெடுஞ்சாலையில் ஏறிவிட்டால்?

காவேரிப்பட்டணம் ஹைலக்ஸ்:
கரையேறியதும் கிரேட்டுகளின் கயிற்றை இறுக்கிக் கட்ட வண்டியை நிறுத்துவீர்கள் அல்லவா? சாவியைத் திருப்பி இன்ஜினையும் நிறுத்தச் சொல்லுங்கள். மறுபடி எடுக்கும்போது எல்லாம் இயங்கத் தொடங்கியிருக்கும்.

அஞ்செட்டி காட்டுவழி:
மணலுக்குப் பட்டன் போதும் என்பதை ஏற்கிறேன். சரளை இறக்கத்தில் ஏபிஎஸ் பற்றிச் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை. அதை அணைக்க அந்தப் பட்டனால் முடியாது.

தொப்பூர் இறக்கம்:
அங்கே நான்கு சக்கரங்களும் குறைந்த வேகத்தில் சுழலும் 4எல்லில் முதல் கியர் போட்டு இறங்கினால் பிரேக்கை அதிகம் தொடவே வேண்டியிராது. முன்சக்கரம் பூட்டிக்கொண்டால் வண்டி சீக்கிரம் நிற்கலாம், ஆனால் வளைவில் ஸ்டியரிங் சொன்ன பக்கம் திரும்பாது.