மறு: ஓவியம் கற்க எடுக்கும் நகலுக்குச் சொல் – ‘பயில்படி’

அன்புள்ள நண்பர்களுக்கு,

ஓவியம் கற்பவர் பெரிய ஓவியரின் படத்தைப் பார்த்து வரையும் நகலைத் தமிழில் எப்படி அழைக்கலாம் என்ற கேள்விக்கு, நம் குழுவில் ஐயா சொன்ன ‘நகலோவியம்’ எனக்கு ஒட்டவில்லை. நகல் என்றதும் ஜெராக்ஸ் கடைதான் நினைவுக்கு வருகிறது. ‘போலி’ என்று வைக்கலாமென்றால், இலக்கணத்தில் அது நல்ல சொல்தான். ஆனால் போலி மருத்துவர், போலிப் பத்திரம் என்று தினமும் படிப்பவர்களிடம் அது எடுபடாது. என் பரிந்துரை ‘பயில்படி’.

மயிலாப்பூரில் நான் எடுக்கும் வகுப்பில், பிரெஞ்சு ஓவியர் ரெனுவார் 1881இல் தீட்டிய ‘இளஞ்சிவப்பும் நீலமும்’ ஓவியத்தைப் பார்த்து மாணவர்கள் வரைகிறார்கள். அக்காவும் தங்கையும் நிற்கும் படம். மூலம் பிரேசிலில், சாவோ பாவுலோ கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பிள்ளைகளின் லேஸ் உடை வெள்ளைதானே என்று டியூபிலிருந்து அப்படியே அப்பினால், சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஆகிவிடும். கண்ணைச் சுருக்கிப் பார்த்தால்தான் அந்த வெள்ளைக்குள் நீலமும் இளஞ்சிவப்பும் ஓடுவது தெரியும். முகத்தில் அடங்கியிருக்கும் தூரிகைத் தடம் உடைக்கு வந்ததும் தளர்ந்து அலைவதும் வரையும்போதுதான் பிடிபடும். சென்னை வெயிலில், ஃபேனுக்கு அடியில் அக்ரிலிக் மளமளவென்று காய்ந்துவிடுகிறது. ஈரத்தின்மேல் ஈரம் குழைந்த விளிம்பு வேண்டுமென்றால் உலர்வைத் தாமதப்படுத்தும் திரவம் கலக்க வேண்டும், அல்லது எண்ணெய் வண்ணத்துக்குப் போக வேண்டும்.

மாணவர் இதில் பயில்வது ரெனுவாரின் கைவாகை. படம் அச்சு அசலாக வந்ததா என்பது எனக்கு இரண்டாம்பட்சம். ரெனுவார் போன்ற மனப்பதிவு (இம்ப்ரெஷனிஸ்ட்) ஓவியர்களே இப்படித்தான் கற்றார்கள். அவர்களில் ஒருவரான பெர்த் மொரிசோ பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் உட்கார்ந்து படியெடுத்தவர். அங்கே மூலத்தின் அளவிலேயே படியெடுக்க இன்றும் அனுமதி இல்லை. கள்ளப் படத்தையும் கற்கும் படத்தையும் அவர்கள் அளவிலேயே பிரித்துவிடுகிறார்கள். நாம் சொல்லிலாவது பிரிக்க வேண்டாமா?

‘படி’ என்றால் வாசற்படி இல்லையா என்று கேட்டிருந்தார்கள். கல்வெட்டுத் துறையில் நகலெடுப்பதற்கு ‘படியெடுத்தல்’ என்பது வேரூன்றிய வழக்கு. முன்னால் ‘பயில்’ சேர்ந்தால் குழப்பத்துக்கே இடமில்லை. அப்புறம், ‘பயிற்படி’ என்று புணருமோ என்று நம் குழுவின் அக்கா ஒருவர் எழுப்பிய ஐயம்: இது வினைத்தொகை, ‘கொல்களிறு’ போல லகரம் திரியாது.

மாணவர் கண்காட்சிக்கான பெயர்ச்சீட்டுகளில் ‘பயில்படி. மூலம்: ரெனுவார், 1881’ என்று அச்சடிக்க நினைக்கிறேன். மறுப்பு இருந்தால் அதற்குள் எழுதுங்கள். மாற்றுச் சொல்லும் தரலாம். அதில் பயிற்சி என்ற பொருள் மட்டும் விடுபடக் கூடாது.