அவாஸ்ட், ஏவிஜி, அவிரா, பிட்டிஃபெண்டர்: இலவசத்தில் எதைப் போடுவது? (கணினி தவழ்கிறது, உதவி தேவை)

வெள்ளைப்பூனை:
வணக்கம் நண்பர்களே. வீட்டுல ஒரே ஒரு கணினி. விண்டோஸ் 11, 8 ஜிபி ராம், உள்ளே பழைய ஹார்ட் டிஸ்க். அப்பா அதுலதான் பேங்க் வேலை பார்ப்பார், மகள் பாடம் படிப்பாள், மிச்ச நேரம் எனக்கு.

ஒன்றரை வருஷமா ஒரு இலவச ஆன்ட்டிவைரஸ் வச்சிருந்தேன். பேர் வேண்டாம். தினம் ரெண்டு தடவையாவது "உங்கள் கணினி மெதுவாக இருக்கிறது, பிரீமியம் வாங்குங்கள்"னு பெட்டி வந்து நிக்கும். சலிச்சுப்போய் போன வாரம் இன்னொரு இலவசத்தை இறக்கினேன். பழசையும் எடுக்கல, எதுக்கும் இருக்கட்டுமேன்னு விட்டுட்டேன். அன்னையிலிருந்து பிரவுசர் திறக்கவே பத்து நிமிஷம் ஆகுது. டாஸ்க் மேனேஜர்ல டிஸ்க் 100% காட்டிட்டே இருக்கு.

இன்னொரு தொல்லை. வலது பக்கம் கீழ் மூலையில "5 வைரஸ்கள் கண்டறியப்பட்டன, உடனே சுத்தம் செய்யவும்"னு சிவப்புப் பெட்டி வருது. ரெண்டு ஆன்ட்டிவைரஸ்லயும் முழு ஸ்கேன் ஓட்டிப் பார்த்தேன், ஒண்ணுமே இல்லைங்குது. ரெண்டையும் தூக்கிட்டு உருப்படியா ஒண்ணே ஒண்ணு போடலாம்னு இருக்கேன். எதைப் போடலாம்?

சும்மாவந்தவன்:
ஏவிஜி போடுங்க சார். பல வருஷமா அதான் வச்சிருக்கேன், ஒரு வைரஸும் வந்ததில்ல.

இரவுவாசி:
வந்ததில்லையா, வந்தது தெரியலையா? :) அவாஸ்ட்தான் பெஸ்ட். ஏவிஜியை விட நல்லாப் பிடிக்கும்.

பழையமவுஸ்:
நீங்க ரெண்டு பேரும் ஒரே பண்டத்துக்குத்தான் சண்டை போடுறீங்க. ஏவிஜியும் அவாஸ்டும் செக் நாட்டுல தனித்தனியாப் பிறந்த நிறுவனங்கள். 2016-ல ஏவிஜியை அவாஸ்ட் 130 கோடி டாலருக்கு வாங்கிடுச்சு. அதுக்கப்புறம் ரெண்டுக்கும் வைரஸைப் பிடிக்கிற இன்ஜின் ஒண்ணுதான். வெளி நிறம்தான் வேற: ஒன்று ஆரஞ்சு, இன்னொன்று பச்சை. பரிசோதனை நிலையங்கள் போடுற மதிப்பெண்ணைப் பாருங்க, ரெண்டும் பெரும்பாலும் ஒட்டியே வரும்.

கதை அதோட முடியல. ஜெர்மனியிலிருந்து வந்த அவிராவை 2021-ல நார்ட்டன் நிறுவனம் வாங்குச்சு. 2022-ல அதே நிறுவனம் அவாஸ்டையும் சேர்த்துக்கிட்டு, ஜென் டிஜிட்டல்னு பேரை மாத்திக்கிச்சு. ஆக, வெள்ளைப்பூனை தலைப்புல போட்ட நாலுல மூணு ஒரே வீட்டுப் பிள்ளைங்க. பிட்டிஃபெண்டர் மட்டும் தனி, ருமேனியாக்காரங்க. அவங்க இன்ஜினை வேற சில நிறுவனங்களும் வாங்கித் தங்கள் பேர்ல விக்கிறாங்க.

அதனால "எது நல்லாப் பிடிக்கும்"ங்கிறதை விட "எது என்னை நிம்மதியா இருக்க விடும்"னு கேக்கிறதுதான் சரியான கேள்வின்னு எனக்குத் தோணுது. இலவசப் பதிப்பே ஒரு விளம்பரப் பலகைதான். உங்களைப் பணம் கட்ட வைக்கிறதுதான் அதோட பிழைப்பு.

நூல்கண்டு:
பணம் மட்டும் இல்ல. அவாஸ்ட் தன் பயனர்கள் எந்தெந்தத் தளத்துக்குப் போனாங்கங்கிற விவரத்தை ஜம்ப்ஷாட்ங்கிற துணை நிறுவனம் மூலமா வித்தது வெளியே வந்து, 2020 ஜனவரியில ஜம்ப்ஷாட்டையே மூடினாங்க. அமெரிக்காவோட ஃபெடரல் டிரேட் கமிஷன் 2024-ல 1.65 கோடி டாலர் கட்டச் சொல்லுச்சு, விளம்பரத்துக்காக அந்த மாதிரித் தரவை விக்கவும் தடை போட்டுச்சு. இப்ப நிறுத்திட்டாங்க, சரி. ஆனா அப்பா பேங்க் வேலை பார்க்கிற கணினின்னா நான் யோசிப்பேன்.

வெள்ளைப்பூனை:
பழையமவுஸ், நூல்கண்டு, ரொம்ப நன்றி. (சும்மாவந்தவன், நான் சார் இல்ல.) ஒரே வீட்டுப் பிள்ளைங்கன்னு தெரியாம ஒரு வாரமா மூணுத்தோட அம்சப் பட்டியலையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் படிச்சிட்டிருந்தேன்! அப்ப பிட்டிஃபெண்டரா? இல்ல விண்டோஸோட வர்ற டிஃபெண்டரே போதுமா? அது ஒண்ணுக்கும் ஆகாதுன்னு யாரோ சொல்லிக் கேட்ட ஞாபகம்.

பழையமவுஸ்:
சொன்னவர் பொய் சொல்லலம்மா. அது பழைய காலத்துப் பேச்சு. விண்டோஸ் 8-ல டிஃபெண்டர் முழு ஆன்ட்டிவைரஸா வந்த புதுசுல சோதனைகள்ல கடைசி வரிசையிலதான் நின்னுச்சு. அப்புறம் மைக்ரோசாஃப்ட் உழைச்சிருக்கு. ஜெர்மனியில ஏவி-டெஸ்ட்னு ஒரு பரிசோதனை நிலையம் இருக்கு. பாதுகாப்பு, வேகம், தொந்தரவில்லாமை மூணுக்கும் ஆறு ஆறு, மொத்தம் 18 மதிப்பெண். 2019-லயே டிஃபெண்டர் 18-க்கு 18 எடுத்தாச்சு.

நூல்கண்டு:
ஒரு குறையைச் சொல்லியே ஆகணும். டிஃபெண்டர் தன் பலத்துல பெரும்பங்கை மைக்ரோசாஃப்ட்டோட சர்வர்ல வச்சிருக்கு. இன்டர்நெட் இல்லாத நேரத்துல யாரோட பென் டிரைவையோ செருகினா, அதோட கண் பிட்டிஃபெண்டர் அளவுக்குக் கூர்மை இல்ல. பென் டிரைவ் அடிக்கடி கை மாறுற வீடுன்னா நான் பிட்டிஃபெண்டர் இலவசப் பதிப்புதான் சொல்வேன்.

பழையமவுஸ்:
அதை ஒத்துக்கிறேன். ஆனா எதைத் தேர்ந்தெடுத்தாலும் முதல்ல வீட்டைக் காலி பண்ணணும். ரெண்டு ஆன்ட்டிவைரஸ் சேர்ந்தா ரெட்டைப் பாதுகாப்பு இல்ல, ரெட்டைத் தலைவலி. நீங்க ஒரு ஃபைலைத் திறந்தா, முதலாவது அதை வாங்கிப் படிக்கும். அது படிக்கிறதைப் பார்த்து ரெண்டாவதும் கையை நீட்டும். ஹார்ட் டிஸ்க் பாவம், ரெண்டு பேருக்கும் எடுத்துக் கொடுத்தே மூச்சு வாங்கும். உங்க 100% அங்கிருந்துதான் வருதுன்னு நினைக்கிறேன்.

செட்டிங்ஸ்ல ஆப்ஸ் போய் ரெண்டையும் அன்இன்ஸ்டால் பண்ணுங்க. அதுலயே முழுசாப் போகும்னு நம்பாதீங்க, டிரைவர் துண்டுகள் தங்கும். ஒவ்வொரு நிறுவனமும் தன் தளத்துலயே ஒரு நீக்கும் கருவி வச்சிருக்கும், அதை இறக்கி சேஃப் மோட்ல (விண்டோஸ் அத்தியாவசியமானதை மட்டும் வச்சு எழுந்துக்கிற நிலை) ஓட்டுங்க. ஷிஃப்ட்டை அழுத்திக்கிட்டே ரீஸ்டார்ட் கொடுத்தா அந்த வழி வரும். முன்னாடியே ஒண்ணு செய்ங்க: பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கிற விண்டோஸ் வசதி) போட்டிருந்தா, அதைத் திறக்கிற ரெக்கவரி கீயைத் தாள்ல எழுதி வச்சுக்கோங்க. சேஃப் மோடுக்குப் போற வழியில அதைக் கேட்டு முழிக்க வைக்கும். நீக்கும் கருவியை அந்தந்த நிறுவனத் தளத்துலிருந்து மட்டும் எடுங்க. தேடும்போது மேலே விளம்பரமா வர்றதைத் தொடாதீங்க.

எல்லாம் போனதும் டிஃபெண்டர் தானா எழுந்துக்கும். விண்டோஸ் செக்யூரிட்டி திறந்து, செட்டிங்ஸ்ல மேனேஜ் ப்ரொவைடர்ஸ் பாருங்க. ஆன்ட்டிவைரஸ்னு அங்க ஒரு பேர்தான் இருக்கணும்.

இரவுவாசி:
அந்த சிவப்புப் பெட்டி? அதுதானே நிஜ வைரஸ்? மால்வேர்பைட்ஸ்னு கெட்ட மென்பொருளைத் தேடுற ஆப் இருக்கே, அதை ஓட்டச் சொல்லுங்க.

பழையமவுஸ்:
ஓட்டட்டும், தப்பில்ல. இலவச மால்வேர்பைட்ஸ் கூப்பிட்டா மட்டும் வந்து தேடும், பின்னணியில நிக்காது. அதனால எதோடயும் மோதாது. (முதல் ரெண்டு வாரம் பிரீமியம் சோதனைன்னு ஆரம்பிச்சா மட்டும் பின்னணியில நிக்கும், அதை அணைச்சிடுங்க.) ஆனா எனக்கு ஒரு சந்தேகம். வெள்ளைப்பூனை, அடுத்த தடவை பெட்டி வரும்போது மூடாதீங்க. அதுல சின்ன எழுத்துல எந்த ஆப்போட பேர் இருக்குன்னு படிச்சுச் சொல்லுங்க.

வெள்ளைப்பூனை:
இப்பதான் வந்துச்சு. "கூகுள் க்ரோம்"னு இருக்கு. பக்கத்துல வாயில நுழையாத ஏதோ ஒரு தள முகவரி.

பழையமவுஸ்:
அதான். அது வைரஸே இல்லம்மா. யாரோ ஒரு தளத்துல "அனுமதி" பட்டனை அழுத்தியிருக்காங்க, அந்தத் தளம் க்ரோம் வழியா நோட்டிஃபிகேஷன் அனுப்பிட்டிருக்கு. அதைத் தொட்டா போலி ஆன்ட்டிவைரஸ் விக்கிற பக்கத்துக்குக் கூட்டிட்டுப் போகும். உங்க கணினியில அப்படி ஃபைல் எதுவும் இல்லாததாலதான் ரெண்டு ஸ்கேன்லயும் சிக்கல.

க்ரோம் செட்டிங்ஸ்ல பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, அதுக்குள்ள சைட் செட்டிங்ஸ், அப்புறம் நோட்டிஃபிகேஷன்ஸ். அனுமதிப் பட்டியல்ல தெரியாத முகவரி எல்லாத்தையும் நீக்குங்க. இனிமே எந்தத் தளமும் கேக்கவே கூடாதுன்னும் அங்கேயே வைக்கலாம்.

வெள்ளைப்பூனை (மறுநாள்):
முடிச்சிட்டேன். வரிசையாச் சொல்றேன்.

அனுமதிப் பட்டியல்ல 11 தளம் இருந்துச்சு! மகளைக் கேட்டேன். "நீங்கள் ரோபோ இல்லை என்று காட்ட அனுமதியை அழுத்தவும்"னு ஒரு வீடியோ தளத்துல வந்துச்சாம். "நான் ரோபோ இல்லையேம்மா, அதான் அழுத்தினேன்"ங்கிறா. என்ன சொல்ல?

ரெண்டு ஆன்ட்டிவைரஸையும் நீக்கும் கருவி வச்சு எடுத்தாச்சு. பிட்லாக்கர் கீ நிஜமாவே கேட்டுச்சு, நீங்க சொல்லலன்னா நேத்து ராத்திரி அழுதிருப்பேன். மேனேஜ் ப்ரொவைடர்ஸ்ல இப்ப டிஃபெண்டர் மட்டும். பிரவுசர் அரை நிமிஷத்துல திறக்குது. டிஸ்க் ஆன் பண்ணின புதுசுல ஏறி அப்புறம் இறங்கிடுது. எங்க வீட்டுல பென் டிரைவ் புழக்கம் இல்ல, அதனால டிஃபெண்டரோடயே இருந்துக்கிறேன். அது உண்மையிலேயே முழிச்சிட்டிருக்கான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது? அவ்வளவு அமைதியா இருக்கு, பயமா இருக்கு.

நூல்கண்டு:
:) ஈகார் சோதனை ஃபைல்னு ஒண்ணு இருக்கு. 68 எழுத்து உள்ள வெறும் உரை. எந்தத் தீங்கும் செய்யாது, ஆனா ஆன்ட்டிவைரஸ்கள் எல்லாம் அதைப் பார்த்தா வைரஸ் மாதிரியே கத்தணும்னு பொது ஒப்பந்தம். ஈகார் அமைப்போட தளத்துலயே கிடைக்கும். இறக்கிப் பாருங்க.

அப்படியே விண்டோஸ் செக்யூரிட்டில ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டி வச்சுப் பணம் கேக்கிற கெட்ட மென்பொருள்) ப்ரொடெக்ஷனுக்குள்ள கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்னு ஒண்ணு இருக்கும், தானா ஆன் ஆகியிருக்காது. ஆன் பண்ணுங்க. நல்ல மென்பொருளையும் சில நேரம் "சேவ் பண்ணக் கூடாது"ன்னு தடுக்கும், அப்ப அதை மட்டும் அனுமதிச்சா போதும். அப்பாவோட கோப்புகளுக்கு வெளி டிஸ்க்ல ஒரு நகல் எடுத்து, டிஸ்க்கைக் கழட்டி வச்சிடுங்க. செருகியே இருந்தா ரான்சம்வேர் அதையும் பூட்டிடும்.

சும்மாவந்தவன்:
மன்னிக்கணும் மேடம், சார்னு சொல்லிட்டேன். நடுவுல என் கேள்வி ஒண்ணு. என் லேப்டாப் விண்டோஸ் 10, அதுக்கும் டிஃபெண்டர் போதுமா?

பழையமவுஸ்:
விண்டோஸ் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சது தம்பி. டிஃபெண்டரோட வைரஸ் பட்டியல் மட்டும் 2028 அக்டோபர் வரைக்கும் வரும்னு மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கு. ஆனா விண்டோஸ்லயே ஓட்டை விழுந்தா அதை அடைக்கிறது ஆன்ட்டிவைரஸ் வேலை இல்ல, நீங்க ஏவிஜி வச்சிருந்தாலும் அதே கதிதான். நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பதிவு பண்ணியிருக்கீங்களா பாருங்க. இல்லன்னா 11-க்கு மாற வழி இருக்கான்னு தனியா ஒரு கேள்வி போடுங்க, அங்க பேசலாம்.

வெள்ளைப்பூனை:
ஈகாரை இறக்கினேன், டிஃபெண்டர் உடனே பிடிச்சு வச்சுக்கிச்சு. அப்பா பயந்துபோய் வந்து எட்டிப் பார்த்தார்.

கடைசியா ஒண்ணே ஒண்ணு. பழைய ஆன்ட்டிவைரஸோட ஐகான் இன்னும் டெஸ்க்டாப்ல உக்காந்திருக்கு. அழுத்தினா "ஃபைல் காணவில்லை"ங்குது. ஏதும் மிச்சம் இருக்கோ?

பழையமவுஸ்:
இல்ல, அது வெறும் ஷார்ட்கட். டெலிட் பண்ணிடுங்க.