பழைய ஆட்டோமேட்டிக் வேனகன் கேம்பர்: கியர் விழும்போது வரும் சத்தங்கள் – அனுபவப் பகிர்வு (பலர் சேர்த்த குறிப்புகள்)

ஃபோக்ஸ்வாகன் டி3 வேனுக்கு, அமெரிக்காவில் 1980 முதல் 1991 மாடல் வரை, வேனகன் என்று பெயர். அதன் ஆட்டோமேட்டிக் வெஸ்ட்ஃபாலியா கேம்பர் (உள்ளே தங்கிப் பயணிக்கும் வேன்) வைத்திருப்பவர்களிடம் அதிகம் கேட்கும் புகார் ஒன்றுதான்: "டிரைவ் போட்டால் 'தட்' என்று இடிக்கிறது, கியர்பாக்ஸ் போய்விட்டதா?" பெரும்பாலும் போயிருக்காது. பின்னால் எஞ்சின், அதற்கு முன்னால் கியர்பாக்ஸ், அங்கிருந்து சக்கரங்களுக்கு இரண்டு ஆக்சில், அவற்றின் முனைகளில் நான்கு சிவி ஜாயின்ட் (வளைந்தபடியே சுழலும் இணைப்பு). இதில் எங்கே ஆட்டம் இருந்தாலும் கியர் விழும் நொடியில் அது சத்தமாக வெளியே வரும்.

முதலில் ஐட்லிங் (பெடலை அழுத்தாதபோது எஞ்சின் ஓடும் வேகம்) பாருங்கள். எஞ்சின் சூடான பிறகு 900 ஆர்பிஎம் பக்கம் இருக்க வேண்டும். 1200-இல் நின்றால் நல்ல கியர்பாக்ஸும் இடிக்கும், ஏனென்றால் டார்க் கன்வெர்ட்டர் (எஞ்சின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) அவ்வளவு வேகத்தோடு உள்ளே தள்ளுகிறது. கியர்பாக்ஸுக்குள் உள்ள கிளட்ச் பிடித்ததும் வரிசையில் உள்ள மொத்த ஆட்டமும் ஒரே அடியில் தீர்கிறது. ஐட்லிங்கைச் சரிசெய்யாமல் வேறு எதையும் கழற்ற வேண்டாம்.

அடுத்து இருவர் வேண்டும். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை, கைபிரேக், கால்பிரேக் முழுதாக. உள்ளே இருப்பவர் நியூட்ரல், ரிவர்ஸ், நியூட்ரல், டிரைவ் என்று மாற்றட்டும், ஒவ்வொன்றிலும் மூன்று நொடி. கேட்பவர் வண்டியின் பக்கவாட்டில் நிற்க வேண்டும். முன்னாலோ பின்னாலோ நிற்கவே கூடாது. சத்தம் சக்கரத்தருகிலா, நடுவிலா என்பது பெரும்பாலும் இதிலேயே தெரிந்துவிடும்.

*

மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். சக்கரத்தருகில் 'டிங்' என்று இரும்புச் சத்தம் வந்தால் பின் ஆக்சில் நட்டைப் பாருங்கள். 46 மி.மீ. நட், இறுக்கம் 500 நியூட்டன் மீட்டர். கையால் முறுக்கி வரும் அளவல்ல. அது தளர்ந்த நிலையில் வண்டி ஓடியிருந்தால் பிரேக் டிரம்மின் ஸ்ப்லைன் பற்கள் (ஆக்சிலோடு பிணைக்கும் நீளப் பற்கள்) தேய்ந்திருக்கும். நட்டைச் சுற்றிச் செந்நிறத் துருப்பொடி இருந்தால் அநேகமாக அதுதான்.

சந்தேகமிருந்தால் டிரம்மையும் ஆக்சில் முனையையும் சேர்த்து பெயின்ட்டில் ஒரு கோடு போடுங்கள். நாலைந்து முறை ரிவர்ஸ், டிரைவ் மாற்றிவிட்டுப் பாருங்கள். கோடு உடைந்திருந்தால் ஸ்ப்லைன் போயிற்று. நட்டை இறுக்கினால் கொஞ்ச நாள் அடங்கும், திரும்ப வரும். டிரம்மை மாற்றத்தான் வேண்டும். இறுக்கிய நட்டில் அதைப் பூட்டும் கொண்டைப்பின்னின் ஓட்டை நேராகாவிட்டால் இன்னும் கொஞ்சம் இறுக்கி நேராக்குங்கள், தளர்த்தி நேராக்காதீர்கள்.

சிவி ஜாயின்ட்டுக்கு ஆறு போல்ட் வீதம் மொத்தம் 24. எல்லாம் 12 முனை உள்ள உட்குழி போல்ட். சாதாரண ஆலன் சாவி போட்டால் குழி வழுக்கிவிடும். குழிக்குள் அடைந்த மண்ணை ஊசியால் எடுத்து, பிரேக் கிளீனர் அடித்து, 8 மி.மீ. சரியான பிட்டைச் சுத்தியலால் தட்டி இறக்கிய பிறகே திருப்புங்கள். இறுக்கம் 45 நியூட்டன் மீட்டர். ஜாயின்ட்டைக் கழற்றி மாட்டியிருந்தால் சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி இறுக்கிப் பாருங்கள். ஜாயின்ட் அமரும் ஃபிளாஞ்சின் தட்டை முகத்தில் கிரீஸ் இருந்தால் போல்ட் கட்டாயம் தளரும். கிரீஸே இல்லாமல் துடைத்து மாட்ட வேண்டும்.

*

கியர்பாக்ஸ் மௌன்டிங்கை யாரும் சொல்லவில்லையே. அதைத் தாங்கும் ரப்பர் கிழிந்தால் டிரைவ் போடும்போது கியர்பாக்ஸின் முனை எழுந்து மறுபடி உட்காரும், அடியிலிருந்து 'டொம்' என்று மந்தமாகக் கேட்கும். மேலே சொன்ன இருவர் சோதனையில் டார்ச் அடித்தால் அசைவு கண்ணுக்கே தெரியும்.

*

இனி ஆயில். இதில் நடக்கும் தவறுதான் நல்ல கியர்பாக்ஸ்களைக் கொல்கிறது. 090 என்ற இந்த மூன்று கியர் பெட்டியில் இரண்டு தனித்தனி ஆயில்கள். கியர் பகுதியில் டெக்ஸ்ரான் வகை ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கான சிவப்பு ஆயில்). சக்கரங்களுக்குச் சுழற்சியைத் திருப்பிவிடும் கிரவுன்-பினியன் பகுதியில் கெட்டியான 90 கிரேட் ஹைபாய்டு ஆயில். இரண்டுக்கும் நடுவில் பினியன் தண்டில் உள்ள சீல்கள் மட்டும்தான்.

அந்தச் சீல் போனால் வெளியே ஒரு சொட்டும் கசியாது. டிப்ஸ்டிக்கில் ஏடிஎஃப் குறைந்துகொண்டே வரும், நிரப்பிக்கொண்டே இருப்பீர்கள். பினியன் பக்கத்தின் பக்கவாட்டு நிரப்பு மூடியைத் திறந்தால் சிவப்பாகக் கொட்டும். ஏடிஎஃப் கலந்த ஹைபாய்டு ஆயில் நீர்த்துப்போய் பினியன் பற்களுக்குப் படலம் தராது. 70, 80 கிலோமீட்டர் வேகத்தில் 'ஊ' என்ற ஊளை கேட்கத் தொடங்கும். மாறாக ஹைபாய்டு ஆயில் ஏடிஎஃப் பக்கம் போனால் டிப்ஸ்டிக்கில் அளவு ஏறும், ஆயில் கருத்து கந்தக வாடை வரும், கிளட்ச் வழுக்கும். அதனால் ஏடிஎஃப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் அந்த மூடியையும் திறந்து பாருங்கள்.

ஏடிஎஃப் அளவு பார்க்க: சில கிலோமீட்டர் ஓட்டிச் சூடாக்கி, சமதரையில், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, பார்க் அல்லது நியூட்ரலில் பார்க்க வேண்டும். குளிர்ந்த நிலையில் பார்த்தது கணக்கில் வராது. நூல் உதிரும் துணியால் துடைக்காதீர்கள், அந்த நூல் வால்வில் போய் மாட்டும். நிறம் பழுப்பாகிக் கருகிய வாடை என்றால் கிளட்ச் தட்டு எரிந்திருக்கிறது. ஸ்ட்ராபெரி மில்க்ஷேக் போலிருந்தால் கூலன்ட் கலந்திருக்கிறது: தண்ணீர் குளிர்விப்பு எஞ்சின் உள்ள வண்டிகளில் ஏடிஎஃப் கூலர் வழியாக ரேடியேட்டர் தண்ணீர்தான் ஓடுகிறது. அப்படியானால் வண்டியை அதற்குமேல் ஓட்ட வேண்டாம், கிளட்ச் தட்டின் ஒட்டுப்பொருள் தண்ணீரில் உரிந்து வரும்.

அடித்தொட்டியை இறக்கினால் மொத்தம் 6 லிட்டரில் சுமார் 3 லிட்டர்தான் மாறும், மீதி கன்வெர்ட்டரில் இருக்கும். ஆயில் ரொம்ப மோசமென்றால் கொஞ்சம் ஓட்டிவிட்டு இன்னொரு முறை மாற்றுவது நல்லது.

*

கியர் தாமதமாக விழுந்து, பிறகு இடித்தால் எந்தப் பகுதி என்று கண்டுபிடிக்கும் வழி இது. முன்னோக்கிய எல்லா கியரிலும் ஃபார்வர்ட் கிளட்ச் வேலை செய்கிறது. ரிவர்ஸிலும் மூன்றாம் கியரிலும் டைரக்ட்-ரிவர்ஸ் கிளட்ச். ரிவர்ஸிலும், லீவரை 1-இல் வைக்கும்போதும் முதல்-ரிவர்ஸ் பிரேக் (பெட்டிக்குள் இருப்பது, சக்கர பிரேக் அல்ல). இரண்டாம் கியரில் மட்டும் பேண்ட் (டிரம்மைச் சுற்றி இறுகும் பட்டை).

ஆகவே ரிவர்ஸ் உடனே விழுந்து டிரைவ் மட்டும் தாமதம் என்றால் ஃபார்வர்ட் கிளட்ச். ரிவர்ஸும் மூன்றாவதும் வழுக்கினால் டைரக்ட்-ரிவர்ஸ் கிளட்ச். ரிவர்ஸ் வழுக்கி, 1-இல் இறக்கத்தில் எஞ்சின் வண்டியைப் பிடித்து வேகம் குறைக்கவில்லை என்றால் முதல்-ரிவர்ஸ் பிரேக். எல்லாமே தாமதம் என்றால் ஆயில் குறைவு, அடைத்த வடிகட்டி, பம்ப் என்ற வரிசையில் பாருங்கள்.

*

ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போகும்போது எஞ்சின் வேகம் ஒரு கணம் எகிறி, பிறகு 'தட்' என்று விழுந்தால் பேண்ட் தளர்ச்சி. பெட்டியின் வெளியிலேயே சரிசெய்யும் திருகு இருக்கிறது. கியர்பாக்ஸ் மட்டமாக இருக்க வேண்டும், சாய்ந்திருந்தால் பேண்ட் உள்ளே கோணலாக மாட்டும். லாக்நட்டைத் தளர்த்தி, திருகை 10 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கி, தளர்த்தி, மறுபடி 5 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கி, அங்கிருந்து சரியாக இரண்டரைச் சுற்று வெளியே எடுங்கள். திருகு அசையாமல் பிடித்துக்கொண்டு லாக்நட்டை 20 நியூட்டன் மீட்டருக்கு இறுக்குங்கள். சுற்றை எண்ணும்போது திருகில் ஒரு வெள்ளைப் புள்ளி வைத்துக்கொண்டால் கணக்கு தவறாது.

அதற்கும் முன்னால் ஆக்சிலரேட்டர் லிங்கேஜைப் பாருங்கள். இந்த வண்டியில் பெடல் கேபிள் முதலில் கியர்பாக்ஸ் லீவருக்குத்தான் போகிறது, அங்கிருந்து ஒரு கம்பி திராட்டிலுக்கு (எஞ்சினுக்குக் காற்றைத் திறந்துவிடும் மடல்). பெடலை விட்டதும் அந்த லீவர் தன் கடைசி நிறுத்தத்துக்குத் திரும்ப வேண்டும். திரும்பவில்லை என்றால் பெட்டிக்குள் அழுத்தம் கூடுதலாகவே நிற்கும். ஒவ்வொரு கியரும் தாமதமாக, முரட்டுத்தனமாக விழும். கம்பியின் பந்து முனைகள் தேய்ந்திருந்தாலும் இதே கதைதான். மலிவான சாமான், அதை மாற்றிவிட்டு பேண்டைத் தொடுங்கள்.

*

கடைசியாக ஒன்று. ஐட்லிங்கில் 'டக் டக்' என்று எஞ்சின் பேரிங் போல ஒலித்து, டிரைவ் போட்டதும் சத்தம் மாறினால் எஞ்சினைத் திறக்காதீர்கள். எஞ்சினோடு கன்வெர்ட்டரை இணைக்கும் டிரைவ் பிளேட்டில் விரிசல் விட்டிருக்கலாம், அல்லது அதன் மூன்று போல்ட்டில் ஒன்று தளர்ந்திருக்கலாம். எஞ்சினைக் கையால் சுற்றி, பெல் ஹவுசிங் (கன்வெர்ட்டரை மூடும் கூடு) ஓட்டை வழியாக மூன்றையும் ஒவ்வொன்றாகச் சோதிக்கலாம்.