ஆர்க் மோடில் தடித்த எழுத்து: விகுதி ஒட்டிய சொல்லில் கட்டளை திணறுகிறது

வணக்கம். ஈமேக்ஸ் உரைத்தொகுப்பி 29.3, அதோடு வரும் ஆர்க் மோட் 9.6 (சொல்லின் இருபுறமும் நட்சத்திரம் போட்டால் தடித்த எழுத்து), உபுண்டு 24.04. ஒரே விசையில் தடித்த எழுத்தைப் போடவும் எடுக்கவும் ஈமேக்ஸின் நிரல்மொழியான ஈலிஸ்ப்பில் ஒரு கட்டளை எழுதி வருகிறேன். இம்மாதத் தொடக்கத்திலிருந்து ஒரே இடத்தில் நிற்கிறேன்.

"சென்னையில்" என்பதில் "சென்னை" மட்டும் தடித்து வர வேண்டும். *சென்னை*யில் என்று போட்டால், மூடும் நட்சத்திரத்தை அடுத்து எழுத்து வருவதால் ஆர்க் அதைத் தடித்ததாகவே எடுப்பதில்லை. மறுபடி விசையை அழுத்தினால் **சென்னை**யில் ஆகிவிடுகிறது.

உள்ளமைந்த ஆர்க்-எம்ஃபசைஸ் கட்டளை நடுவில் ஓர் இடைவெளியை நுழைத்து "யில்" என்பதைத் தனியே பிரித்துவிடுகிறது. தமிழுக்கு இது ஆகவே ஆகாது. நட்சத்திரத்தை ஒட்டி எந்த எழுத்துகள் வரலாம் என்று சொல்லும் ஆர்க்-எம்ஃபசிஸ்-ரெஜெக்ஸ்ப்-கம்போனென்ட்ஸ் மாறியில் தமிழ் எழுத்துகளைச் சேர்த்தேன்; திரையில் தடித்துத் தெரிகிறது, எச்டிஎம்எல் ஏற்றுமதியில் நட்சத்திரங்கள் அப்படியே நிற்கின்றன. ஆர்க் கையேடு சொல்லும் அகலமில்லா இடைவெளியை (யூனிகோடு 200பி) நட்சத்திரத்துக்குப் பின் வைத்தால் இரண்டுமே சரி.

சிக்கல் எடுக்கும்போதுதான். கர்சர் இருக்கும் இடத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லும் ஆர்க்-எலிமென்ட்-கான்டெக்ஸ்ட் தடித்த பகுதியைச் சரியாகக் காட்டுகிறது, நட்சத்திரங்களும் போய்விடுகின்றன. அந்தக் கண்ணுக்குத் தெரியாத குறி மட்டும் தங்கிவிடுகிறது. பிறகு "சென்னையில்" என்று தேடினால் அந்த வரி சிக்குவதில்லை. அடுத்திருப்பதைக் கண்ணை மூடிக்கொண்டு நீக்கவும் தயக்கம். இணையத்திலிருந்து ஒட்டிய உரையில் அதே குறி ஏற்கெனவே இருக்கிறது. எழுத்தோடு மறைவாக ஒட்டிவைக்கும் டெக்ஸ்ட் ப்ராப்பர்ட்டி என்ற அடையாளத்தை வைத்துப் பார்த்தேன், கோப்பைச் சேமித்து மூடியதும் அது போய்விடுகிறது.

கோப்பை மூடித் திறந்த பிறகும், என் கட்டளை நுழைத்த குறியை மட்டும் இனங்கண்டு நீக்குவது எப்படி?