கலைச்சொல் உதவி: துருப்பிடித்த நீராவி எஞ்சினுக்குச் செய்வது மீட்பா, புதுப்பிப்பா?

மதுரையிலிருந்து

குழுவினருக்கு வணக்கம். எங்கள் பள்ளியில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்காகப் பழைய ரயில்களைப் பற்றிச் சுவர்க் கண்காட்சி வைக்கிறோம். படவிளக்கங்கள் வியாழக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும். வேல்ஸில் கடலோரமாக இருக்கும் பாரி என்ற ஊரின் பகுதியில் மாட்டிக்கொண்டேன். பிரிட்டிஷ் ரயில்வே கழித்துக்கட்டிய எஞ்சின்களில் 297ஐ அங்கே உட்ஹாம் சகோதரர்கள் பழைய இரும்பாக உடைக்க வாங்கினார்கள். சரக்குப் பெட்டிகளை உடைப்பது சுலபம் என்று அதிலேயே கவனம் வைத்ததால், பெரும்பாலான எஞ்சின்கள் உப்புக்காற்றில் வரிசையாக நின்றன. 1968 செப்டம்பரில் முதல் எஞ்சினை ஆர்வலர்கள் விலை கொடுத்து வாங்கிப் போனார்கள். 1990க்குள் 213 எஞ்சின்கள் தப்பித்தன. வாங்கியது, ஷெட்டில் வருடக்கணக்காக வைத்திருந்தது, ஓட வைத்தது, எல்லாவற்றுக்கும் ‘புதுப்பித்தல்’ என்றே எழுதியிருக்கிறேன். எனக்கே ஒப்பவில்லை. ‘ரெஸ்டோரேஷன்’ என்பதற்குச் சரியான சொல் தாருங்கள்.

தஞ்சாவூரிலிருந்து

அம்மா, ‘புதுப்பித்தல்’ எதற்கு? ‘புதுக்குதல்’ என்ற பழைய வினை இருக்கிறதே. கோயில் பழுதுபார்க்க விட்ட நிலத்துக்குக் கல்வெட்டில் ‘புதுக்குப்புறம்’ என்று பெயர். அதிலிருந்து ‘புதுக்கம்’ என்று எடுக்கலாம். செய்பவர் புதுக்கர், செய்யும் இடம் புதுக்ககம். ஒரே சொல்லில் குடும்பமே கிடைக்கிறது. புது, புதல், பூ மூன்றும் ஒரே வேரில் கிளைத்தவை என்பது என் துணிபு. பட்ட மரம் மறுபடி தளிர்ப்பது போல என்ற பொருளும் உள்ளே வந்துவிடும்.

பொன்மலையிலிருந்து

ஐயா மன்னிக்க வேண்டும். ‘புதுக்கம்’ கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் இந்த வேலையில் புதிதாக ஆக்குவது நோக்கமே இல்லை. என் அப்பா ஸ்டீம் காலத்து ஃபிட்டர். ஃபயர்பாக்ஸுக்குள், அதாவது நெருப்பு எரியும் அறைக்குள், தவழ்ந்து போய் அதன் சுவரைக் கொதிகலனின் வெளித்தகட்டோடு பிணைக்கும் ஒவ்வொரு ஸ்டே கம்பியையும் சின்னச் சுத்தியலால் தட்டுவார். கணீர் என்றால் நல்லது; மட்டமாக, செத்த சத்தம் வந்தால் உள்ளே முறிந்திருக்கிறது, சாக்பீஸால் ஒரு கோடு. நல்ல கம்பியைத் தொட மாட்டார்கள். கெட்டதை மட்டும் மாற்றுவார்கள். எவ்வளவு பழையதை அப்படியே விட முடியுமோ அவ்வளவு விடுவதுதான் கைத்திறன். வாயில் வழங்கியது ‘ஓவர்ஹால்’.

ஆனாலும் சிக்கல் உண்டு. பாரியிலிருந்து 1974இல் மீண்ட ‘டியூக் ஆஃப் குளோஸ்டர்’ வெளிச் சிலிண்டர்கள் இல்லாமல் நின்ற எஞ்சின். ஒன்றை அருங்காட்சியகத்துக்காகக் கழற்றி, உள்ளமைப்பு தெரிய வெட்டிவிட்டார்கள். சிலிண்டரும் வால்வு இயக்கமும் புதிதாகவே செய்து 1986இல் ஓட்டினார்கள். அதற்கு ‘பழுதுபார்த்தல்’ என்றால் போதாது.

யாழ்ப்பாணத்திலிருந்து

அக்கா, எங்களுக்கு இதெல்லாம் ‘திருத்துறது’தான். சைக்கிள் திருத்தும் கடை, வாகனம் திருத்துமிடம். புகையிரதத்துக்கு மட்டும் ஏன் வேறு சொல்? ‘மீட்டெடுத்தல்’ என்றும் சிலர் சொல்லக்கூடும். அடகு வைத்த நகையை மீட்கிறோம் அல்லவா, பாரியில் நடந்தது அச்சொட்டாக அதுதான்: காசு கட்டி வெளியே எடுத்தார்கள். எடுத்த பிறகு செய்வது திருத்தம்.

தஞ்சாவூரிலிருந்து

தம்பி, எங்கள் பக்கம் ‘திருத்தம்’ என்றால் அச்சுப்பிழையும் சட்டமும்தான் நினைவுக்கு வரும். ஆனால் மீட்புக்கு நீங்கள் சொன்ன அடகு நல்ல சான்று. மீள், மீட்டு. யாழ் மீட்டுவதும் இதே வேராக இருக்கலாம்; இழுத்த நரம்பு பழைய நிலைக்கு மீள்கிறதே.

கோவையிலிருந்து

யாழை விட்டுவிட்டு எஞ்சினுக்கு வருவோம். இடையில் வைத்திருப்பதற்கு யாருமே சொல் தரவில்லை. அதுதான் கடினமான பகுதி. புகைபோக்கி வாயை மூடாமல் விட்டால் மழை உள்ளே இறங்கிச் சாம்பலோடு சேர்ந்து புகைபோக்கிக்குக் கீழே இருக்கும் புகை அறையின் (ஸ்மோக்பாக்ஸ்) அடித்தகட்டை அரித்துவிடும். கொதிகலனில் தண்ணீர் தேங்கவிடாமல் வடித்து உலர்த்த வேண்டும், தேயும் பரப்புக்கெல்லாம் கிரீஸ் பூச வேண்டும். இவ்வளவையும் ‘வைத்திருந்தார்கள்’ என்று எப்படி முடிப்பது?

‘சேமம்’ என்பதை முன்வைக்கிறேன். புறநானூறு 102இல் ஔவையார் சொல்லும் உமணர் (உப்பு வணிகர்), வண்டியின் கீழ்மரத்தில் சேம அச்சு கட்டிப் போவார்கள். மேடோ பள்ளமோ, வழியில் என்ன ஆகும் என்று தெரியாது. அதனால் மாற்று அச்சு. சக்கரத்தோடு சேர்ந்த சொல், பாதுகாப்பும் உள்ளே இருக்கிறது. ‘சேமவைப்பு’ என்போம்.

பொன்மலையிலிருந்து

அழகான சொல். ஆனால் சேம அச்சு என்றால் ஸ்பேர். பாரியில் கடைசியாக மிஞ்சிய பத்தில் சில, உறுப்புகளைக் கொடுத்து வேறு எஞ்சின் கட்ட உதவின. அவற்றை வேண்டுமானால் ‘சேம எஞ்சின்’ எனலாம். மறுபடி ஓடக் காத்திருப்பதை அப்படிச் சொன்னால் பொருள் மாறிப்போகும்.

சென்னையிலிருந்து

இன்னொன்றையும் பிரிக்க வேண்டும். 1855இல் இங்கிலாந்தின் லீட்ஸில் கட்டிய, ஈஸ்ட் இந்தியன் ரயில்வேயின் ஈஐஆர் 21 என்ற நீராவி எஞ்சின் நூறு ஆண்டுக்கும் மேல் வெறும் காட்சிப்பொருள். 2010இல் பெரம்பூர் லோகோ பணிமனை அதை ஓட வைத்தது. சாயம் பூசிப் பீடத்தில் நிறுத்துவதும் நெருப்பு மூட்டி ஓட்டுவதும் ஒன்றல்ல. முன்னதற்கு ‘ஒப்பனை’ போதும்.

மதுரையிலிருந்து

எல்லோருக்கும் நன்றி. நேரமில்லாததால் நானே முடிவெடுத்துவிட்டேன்: வாங்கி எடுப்பது மீட்பு, ஓட வைப்பது சீரமைப்பு, இடையில் பாதுகாத்து வைத்தல். புதுக்கமும் சேமவைப்பும் பிள்ளைகளுக்குப் புரியாது. ‘சேமவைப்பு’ என்றதும் ஒரு பையன் வங்கிக் கணக்கா என்று கேட்டான். இன்று காலை அனுப்பிவிட்டேன்.

தஞ்சாவூரிலிருந்து

புரியாத சொல்லைச் சொல்லிக்கொடுப்பதுதானே பள்ளிக்கூடம்? ‘கணினி’யும் ஒருநாள் புரியாத சொல்தான். சீரமைப்பு என்பது சாலைக்கும் கட்சிக்கும் சொல்வது. என் மறுப்பு பதிவில் இருக்கட்டும்.

பொன்மலையிலிருந்து

அம்மா, ப்ரூஃப் வந்தால் ஒன்றே ஒன்று. பாரி படத்தின் கீழே ‘பாதுகாத்து வைத்தல்’ போட வேண்டாம். அங்கே யாரும் பாதுகாக்கவில்லை. பித்தளையும் செம்பும் கழன்று போய், உடைக்க முறை வராததால் எஞ்சின்கள் கிடந்தன. கோப்பைக் ‘கிடப்பில்’ போடுவது என்கிறோமே, அந்தக் கிடப்புதான். ‘கிடப்பு எஞ்சின்கள்’ என்று போடுங்கள், பிள்ளைகளுக்கும் புரியும். பாதுகாத்து வைத்தது மீட்ட பிறகு, ஷெட்டுக்குப் போனதும்தான்.

மதுரையிலிருந்து

ப்ரூஃப் நாளை மதியம் வருகிறது. அந்த ஒரு படத்துக்குக் ‘கிடப்பு’ என்று மாற்றிவிடுகிறேன்.